மணிக்கட்டில் ஒரு சென்டிமீட்டர்

காலை எட்டு மணி வாக்கில் பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டை ஒட்டி நின்றால், டிபன் பாக்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கார்மெண்ட்ஸுக்குப் போவதைப் பார்க்கலாம். கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் அந்த நடையில் கலந்து கேட்கும். உள்ளே போய் மெஷின் முன் உட்கார்ந்தவர் செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றாலும் துணியின் இரண்டு ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து, மணிக்கட்டை மடக்கி, ஊசிக்கு அடியில் தள்ளுகிறார். ஓரம் விலகக் கூடாது, துணி சுருங்கக் கூடாது. தைத்து முடித்ததும் அடுத்த பீஸ். வரிசையின் கடைசியில் ஒரு ஹெல்பர் சின்னக் கத்தரியால் நூல் பிசிறு வெட்டுகிறார். ஒவ்வொரு வெட்டுக்கும் விரல்கள் ஒரு தடவை இறுகித் தளர்கின்றன. மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் இருக்கும்போது அந்தக் கைக்கு ஓய்வு என்பதே கிடையாது. இப்படிச் சில வருடங்கள் போனபின் பலருக்கு இரவு இரண்டு மணிக்கு அதே மூன்று விரல்களும் மதமதத்து, எரிந்து, தூக்கத்தைக் கெடுக்கின்றன. எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சற்றுத் தணிகிறது. விடிந்ததும் மறுபடி அதே மெஷின்.

மருத்துவம் இதற்கு வைத்திருக்கும் பெயர் கார்பல் டனல் நோய். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் வளைந்து நின்று ஒரு வாய்க்கால்போல் அமைகின்றன. அந்த வாய்க்காலின் மேலே கெட்டியான ஒரு நார்ப்பட்டை கூரைபோல் மூடியிருக்கிறது. இடையில் உள்ள குகை போன்ற குறுகிய வழியில் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும், அவற்றோடு மீடியன் நரம்பும் நெருக்கியடித்துச் செல்கின்றன. அங்கே இருப்பவற்றில் மிக மென்மையானது நரம்புதான். இடம் குறைந்தால் நசுங்குவதும் அதுவே. 1981-ல் அமெரிக்காவில் கெல்பர்மனும் அவருடைய குழுவினரும் இந்தக் குகைக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்தார்கள். நோய் இல்லாதவர்களுக்கு அது சராசரியாக 2.5 மில்லிமீட்டர் பாதரசம். நோயாளிகளுக்கோ கையை நேராக வைத்திருக்கும்போதே 32. மணிக்கட்டை முழுக்க மடக்கினால் 94, பின்பக்கம் வளைத்தால் 110. தூக்கத்தில் கை மடங்கிக் கிடக்கும் நேரத்தில் வலி ஏன் உச்சத்துக்குப் போகிறது, நாள் முழுக்க மணிக்கட்டை வளைத்து வேலை செய்பவர்களுக்கு ஏன் இது அதிகம் என்று இந்த எண்களே சொல்லிவிடும். நரம்பு நெடுநாள் நசுங்கிக் கிடந்தால் உணர்ச்சி குறைவதோடு நிற்காது; கட்டைவிரலின் அடியில் உள்ள சதைமேடு வற்றத் தொடங்கும். ரவிக்கைக் கொக்கி மாட்டுவதும் ஊசியில் நூல் கோப்பதும்கூட முடியாமல் போகும். தையல்காரர் ஒருவரின் பிழைப்பு முழுவதும் இந்த ஒரே நரம்பின் எல்லைக்குள் வரும் விரல்களில்தான் இருக்கிறது.

கூரையாக இருக்கும் அந்த நார்ப்பட்டையை வெட்டி விட்டால் குகை விரிகிறது, நரம்பு மூச்சுவிடுகிறது. இந்த அறுவைச் சிகிச்சையின் தத்துவம் அவ்வளவே. 1933-ல் ஜேம்ஸ் லேர்மன்த் இதைப் பதிவு செய்தார். 1950-களில் ஜார்ஜ் ஃபேலன் பரவலாக்கினார். உள்ளங்கையில் நீளமாகக் கீறி, நார்ப்பட்டையைக் கண்ணால் பார்த்து வெட்டுவது பழைய வழி, அதாவது திறந்த முறை. 1980-களின் பிற்பகுதியில் ஜப்பானின் இச்சிரோ ஒகுட்சுவும் அமெரிக்காவின் ஜேம்ஸ் சோவும், சற்றுப் பின்னர் ஜான் ஏஜீயும், மணிக்கட்டில் சுமார் ஒரு சென்டிமீட்டர் துளை வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்தி உள்ளிருந்தபடியே வெட்டும் முறைகளைக் கொண்டுவந்தார்கள். சோவின் முறையில் உள்ளங்கையில் இன்னொரு துளையும் உண்டு. இப்போது அல்ட்ராசவுண்டு ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே இன்னும் சிறிய துளையில் வெட்டும் வழிகளும் வந்திருக்கின்றன. ‘கீஹோல்’, ‘தையல் இல்லை’, ‘சீக்கிரம் வேலைக்குப் போகலாம்’ என்ற சொற்கள் இவற்றோடு சேர்ந்தே வருகின்றன. கையை நம்பிப் பிழைக்கும் ஒருவருக்கு இவற்றைவிட இனிப்பான சொற்கள் வேறு இருக்க முடியாது. அதனால்தான் அவற்றை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் வாதம் இதுதான்: தழும்பின் நீளத்தை வைத்து இந்த ஆபரேஷனின் ஆபத்தை அளக்கக் கூடாது. வெளியே எத்தனை சென்டிமீட்டர் கீறினாலும் உள்ளே வெட்டப்படுவது அதே நார்ப்பட்டைதான். அதைச் சுற்றியிருப்பவையும் அதே நரம்பும் தமனியும்தான். கீறல் சுருங்கும்போது டாக்டரின் பார்வையும் சுருங்குகிறது. கேமரா தனக்கு முன்னே இருப்பதைத் தெளிவாகக் காட்டும். குழாய்க்குப் பின்னாலும் பக்கத்திலும் இருப்பதைக் காட்டாது. நரம்பு ஏற்கெனவே நசுங்கிக் கிடக்கும் குகைக்குள் இன்னொரு குழாயை நுழைக்கும்போது அந்த நேரத்துக்கு நெருக்கடி இன்னும் கூடத்தான் செய்யும். குழாய் சுண்டுவிரல் பக்கமாகச் சற்று விலகினால் பக்கத்து வழியில் ஓடும் அல்நார் நரம்பும் தமனியும் ஆபத்தில் சிக்கும். நார்ப்பட்டையின் முன்விளிம்பைக் கடந்து கத்தி போனால் உள்ளங்கையில் வளைந்து ஓடும் தமனியும், நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே பிரியும் நரம்பும் இருக்கின்றன. எல்லாருடைய கையும் ஒரே வரைபடம் கிடையாது என்பது இதைவிட முக்கியம். கட்டைவிரலை இயக்கும் சிறு கிளை நரம்பு எந்த இடத்தில் பிரிகிறது என்று 1974-ல் வெளியான ஓர் உடற்கூறு ஆய்வு கணக்கெடுத்தது. 46% கைகளில் அது நார்ப்பட்டையைத் தாண்டிய பிறகு பிரிந்து திரும்புகிறது. 31% கைகளில் அடியிலேயே பிரிகிறது. 23% கைகளில் நார்ப்பட்டையைத் துளைத்துக்கொண்டு போகிறது. நார்ப்பட்டைக்குள்ளேயே புகுந்து செல்லும் ஒரு நரம்பை, அந்தப் பட்டையை வெட்டும் கத்தியிடமிருந்து காப்பாற்றுவது டாக்டரின் கண்ணும் கையும் பெற்ற பயிற்சிதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. துளை வழி முறை ஆபத்தானது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்ல ஆதாரம் இடம் கொடுக்கவில்லை. 28 ஆய்வுகளையும் 2,586 கைகளையும் தொகுத்து 2014-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, பெரிய சிக்கல்களில் இரண்டு முறைகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றும், சிறு சிக்கல்கள் துளை வழி முறையில் குறைவு என்றும் சொன்னது. 2006-ல் பென்சனும் மற்றவர்களும் மருத்துவ ஏடுகளில் வந்த அறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நரம்பு, தமனி, தசைநாண் ஆகியவற்றில் வெட்டுக்காயம் பட்டது திறந்த முறையில் 0.49%, துளை வழியில் 0.19%. இங்கிலாந்தில் 1998 முதல் 2017 வரை நடந்த 8,55,832 கார்பல் டனல் ஆபரேஷன்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், 90 நாட்களுக்குள் கடுமையான சிக்கல் வந்தவர்கள் 0.08% மட்டுமே. ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆபரேஷன் என்றாலே நடுங்குபவர்களுக்கு இந்த எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் எண்களைப் படிக்கும்போது அவை யாருடைய கைகளிலிருந்து வந்தவை என்றும் பார்க்க வேண்டும். ஆய்வு நடத்தி ஏட்டில் எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு வேலையை நூற்றுக்கணக்கில் செய்த கை அறுவை நிபுணர்கள். தங்கள் தவறுகளைத் தாங்களே எண்ணி வெளியிடாதவர்களின் நோயாளிகள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை 1999-ல் வெளியான பால்மர், டோய்வனென் ஆய்வு ஓரளவு காட்டியது. ஐந்து ஆண்டுகளில் தாங்கள் சரிசெய்ய நேர்ந்த பெரிய சிக்கல்களைப் பற்றி அமெரிக்கக் கை அறுவை நிபுணர்களிடம் அவர்கள் கேட்டார்கள். துளை வழி முறையால் வந்தவை 455: மீடியன் நரம்பு வெட்டுப்பட்டது 100, அல்நார் நரம்பு 88, விரல் நரம்புகள் 77, இரத்தக் குழாய்கள் 121, தசைநாண்கள் 69. திறந்த முறையால் வந்தவை 283. அதில் மீடியன் நரம்பு வெட்டுப்பட்டது மட்டும் 147. மொத்தம் எத்தனை ஆபரேஷன் நடந்தது என்பது அந்தக் கணக்கில் இல்லை. எனவே அதை வைத்து விகிதம் சொல்ல முடியாது, எது மேல் எது கீழ் என்றும் தீர்ப்பு எழுத முடியாது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. நீளமாகக் கீறி, கண்ணால் பார்த்து வெட்டும்போதும் நரம்பு வெட்டுப்பட்டிருக்கிறது. திறந்த முறையில் 29 ஆக இருந்த அல்நார் நரம்புக் காயம் துளை வழியில் 88 ஆக நிற்பது, குழாய் வழி தவறினால் எங்கே போகும் என்பதைக் காட்டுகிறது. ஆபத்து முறையிலும் இருக்கிறது, டாக்டரின் கையிலும் இருக்கிறது. நோயாளிக்குத் தெரிந்தாக வேண்டியது அந்தக் கையைப் பற்றி.

மருத்துவ ஏடுகள் ‘சிறு சிக்கல்’ என்று எழுதுவது யாருக்குச் சிறிது என்றும் கேட்க வேண்டும். நரம்பு அறுபடாமல், ஆனால் இழுபட்டோ அழுந்தியோ சில வாரங்களுக்கு, சிலருக்கு மாதங்களுக்கு, விரல் மரத்துப்போவது இந்தச் சிறு சிக்கல்களில் ஒன்று. பென்சன் தொகுப்பில் அது துளை வழியில் 1.45%, திறந்த முறையில் 0.25%. காக்ரேன் மதிப்பாய்வும் இதையே சொன்னது: தற்காலிக நரம்புக் கோளாறு துளை வழியில் அதிகம், புண், சீழ், தழும்பு வலி திறந்த முறையில் அதிகம். அலுவலகத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுபவருக்கு இரண்டு மாத மரப்பு ஒரு தொந்தரவு. இரண்டு அடுக்குத் துணியின் கனத்தை விரல் நுனியால் உணர்ந்து தைப்பவருக்கு அது இரண்டு மாத வேலையிழப்பு. ஊசி விரலில் இறங்கினாலும் தாமதமாகத் தெரியும் ஆபத்தும் கூடவே உண்டு. இன்னொன்று, உள்ளங்கையின் இரு பக்க மேடுகளிலும் வரும் வலி. நார்ப்பட்டையை வெட்டியதும் எலும்பு வளைவு சற்று அகல்வதால் வருவதென்று பலரும் விளக்கும் இந்த வலி, கீறல் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் வரலாம். சப்பாத்தி தேய்க்கும்போது, துணி பிழியும்போது, தரையில் கையூன்றி எழும்போது, பஸ்ஸில் கம்பியை இறுகப் பிடிக்கும்போது இது சுரீர் என்று தெரியும். பிடியின் வலு பழைய நிலைக்கு வர பெரும்பாலும் மூன்று மாதம்வரை ஆகிறது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வீட்டில் இன்னொரு ஷிப்டு காத்திருக்கிறது. குடத்தையும் பக்கெட்டையும் தூக்காமல் இருக்க அவருக்கு யார் லீவு கொடுக்கிறார்கள்?

‘தினக்கூலிபோல் வாழ்கிறவர்களுக்குச் சீக்கிரம் வேலைக்குத் திரும்புவதுதானே முக்கியம், அதற்காகவாவது துளை வழியை எடுத்துக்கொள்ளக் கூடாதா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. காக்ரேன் கணக்குப்படி துளை வழியில் செய்துகொண்டவர்கள் சராசரியாக எட்டு நாள் முன்னதாக வேலைக்கோ அன்றாட வாழ்க்கைக்கோ திரும்பினார்கள். ஆனால் வேலை பார்க்கும் 128 பேரைக் கொண்டு ஸ்வீடனில் அத்ரோஷி குழு செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு முறைகளிலும் வேலைக்குப் போகாத நாட்களின் நடுமதிப்பு ஒன்றே: 28 நாள். மூன்று மாதம் கழித்துத் தழும்பிலோ உள்ளங்கையிலோ வலி இருப்பதாகச் சொன்னவர்கள் துளை வழியில் 52%, திறந்த முறையில் 82%. ஆனால் அந்த வலியின் கடுமையில் இருந்த வித்தியாசம் சிறியது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். ஆக, துளை வழியின் லாபம் உண்மைதான். அது முதல் சில வாரங்களின் லாபம். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு முறைகளில் செய்துகொண்டவர்களின் கைகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. சாதாரணக் கீறலைப் பாதியாகக் குறைத்துக் கண்ணால் பார்த்தே செய்யும் ‘மினி ஓபன்’ முறை பரவியபிறகு அந்த லாபமும் சுருங்கியிருக்கிறது. ஒரு வார லாபத்துக்காக, துளை வழியில் போதிய பழக்கமில்லாத கையிடம் போவது நல்ல பேரமாகாது. ஊதியம் இழக்கும் பயத்துக்குத் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.யில் ஒரு வழி இருக்கிறது. சந்தா தகுதி உள்ளவருக்கு நோய்க்கால உதவித்தொகையாக ஊதியத்தில் 70%, ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குபவர்கள் இந்தத் திட்டத்துக்குள் வருகிறார்கள். கார்மெண்ட்ஸ் தொழிலாளிகளில் பெரும்பாலோர் அந்த வரம்புக்குக் கீழேதான். சம்பளச் சீட்டில் மாதாமாதம் பிடிக்கப்படும் அந்தப் பணம் இதற்காகவும்தான் என்று லைனில் நிற்பவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

விளம்பரங்களில் அதிகம் காணாத சிக்கல் ஒன்று உண்டு: நார்ப்பட்டை முழுதாக வெட்டப்படாமல் போவது. ஆபரேஷனுக்குப் பிறகும் நோய் அப்படியே தொடர்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். உள்ளங்கைப் பக்கத்து முன்விளிம்பில் சில மில்லிமீட்டர் மிச்சம் நின்றாலும் நரம்பு அந்த இடத்தில் தொடர்ந்து நசுங்கும். தமனியும் நரம்பும் அங்கே அருகில் இருப்பதால் கத்தியை அதற்கு மேல் கொண்டுபோகத் தயங்குவதும், கொழுப்பு திரண்டு கேமராவை மறைப்பதும் நடக்கக்கூடியவை. நல்ல டாக்டர் இந்த இடத்தில் செய்வது, துளையை விட்டுவிட்டுத் திறந்த முறைக்கு மாறுவது. அப்படி மாறினால் அது தோல்வி ஆகாது. நோயாளியின் நரம்பைக் காப்பாற்றிய முடிவு அது. முன்பு மணிக்கட்டு உடைந்து எலும்பு அமைப்பு மாறியவர்கள், மூட்டு இறுகிப்போய்க் கையைப் பின்னால் வளைக்க முடியாதவர்கள், ஏற்கெனவே இதே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஆகியோருக்குத் தொடக்கத்திலேயே திறந்த முறைதான் பாதுகாப்பு. மேலே சொன்ன இங்கிலாந்து ஆய்வில் மறுபடியும் ஆபரேஷன் தேவைப்பட்டது 3.42%, நூறு கைகளில் மூன்று, நான்கு.

இத்தனை ஆபத்துகளையும் எழுதினால் பயந்துபோய் யாரும் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டார்கள் என்று சில டாக்டர்கள் சொல்வதுண்டு. அந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தாமதமும் ஓர் ஆபத்துதான். பல சமயம் ஆபரேஷனைவிடப் பெரிய ஆபத்து. இரவில் மட்டும் மதமதப்பு வரும் தொடக்க நிலையில், மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டியை இரவில் கட்டிக்கொள்வது பலருக்கு உதவும். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ தணிக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். தைராய்டு குறைபாடு, சர்க்கரை, கர்ப்பம், மூட்டுவாதம் இவற்றாலும் இதே நோய் வரும் என்பதால் இரத்தப் பரிசோதனை அவசியம். கழுத்தெலும்புத் தேய்மானத்தால் வரும் மரப்பை இந்த நோய் என்று நினைத்துக் கையை வெட்டினால் ஆபரேஷன் சரியாக நடந்தும் பயனிருக்காது. சந்தேகம் இருந்தால் நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஆனால் விரல்கள் நாள் முழுக்க மரத்துக் கிடந்தாலோ, கட்டைவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கினாலோ, பட்டி, ஊசி, தைலம் என்று மாதங்களைக் கடத்துவது தவறு. ஆபரேஷனுக்குப் பிறகு இரவு வலி சில நாட்களிலேயே அடங்கிவிடும். மரப்பு போக மாதங்கள் ஆகும். வற்றிய சதை திரும்புவதற்கு உறுதி கிடையாது. கட்டைவிரல் எதிரே வந்து பிடிக்கும் சக்தி போய்விட்டால் தசைநாண் மாற்று ஆபரேஷன் என்ற வழி இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளுக்கு வளர்த்தெடுத்த அந்தக் கலையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஆனாலும் அது இழந்ததை ஈடுகட்டும் வழிதான். அங்கே போய் நிற்கும் நிலை வராமலிருப்பதே நல்லது.

அப்படியானால் பயமுறுத்தாமலும் மறைக்காமலும் எப்படிச் சொல்வது? நம் நாட்டுச் சட்டமே இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. 2008 ஜனவரி 16-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கும் துளை வழிப் பரிசோதனையில் தொடங்கியதுதான்: வயிற்றுக்குள் கேமரா வைத்துப் பார்க்கச் சம்மதித்த பெண்ணுக்கு, மயக்கத்தில் இருந்தபோதே கருப்பை அகற்றப்பட்டது; சம்மதம் அவருடைய அம்மாவிடம் வாங்கப்பட்டது. ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் சம்மதம் ஆகாது என்றது நீதிமன்றம். சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள், செய்துகொள்ளாவிட்டால் வரும் விளைவு எல்லாவற்றையும் டாக்டர் சொல்ல வேண்டும். மிக அரிதான, ஏட்டளவிலான ஆபத்துகளைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு வரையறுத்தது. நான் அதோடு உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்வேன். எது கணிசமான ஆபத்து என்பதை நோயாளியின் தொழிலை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். நூற்றில் ஒன்றரைப் பேருக்கு வரும் தற்காலிக மரப்பு, தையல்காரருக்குச் சொல்லியே ஆக வேண்டிய ஆபத்து. துளை வழி முடியாவிட்டால் கீறித் திறப்போம் என்பதும் முன்கூட்டியே சம்மதப் படிவத்தில் இருக்க வேண்டும். அந்தப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்து, நர்ஸ் விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்து விழுந்தால் அது சம்மதம் ஆகாது. பொம்மனஹள்ளியில் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் அதை வாயால் எடுத்துச் சொல்ல ஆள் கிடைக்காமல் போகாது.

கையைச் சரிசெய்து அதே டார்கெட்டுக்குத் திருப்பி அனுப்புவதோடு இந்த விஷயம் முடிந்துவிட்டதா என்றும் கேட்க வேண்டும். மணிக்கட்டை வளைத்து, பலம் கொடுத்து, ஒரே அசைவை மணிக்கணக்கில் செய்யும் வேலையால் வரும் கார்பல் டனல் நோயை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-ல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. நம் நாட்டின் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய 29 நோய்களை அடுக்கியது. ஈயம், பாதரசம், சிலிக்கா எல்லாம் அதில் உண்டு, கார்பல் டனல் நோய் இல்லை. பட்டியலில் இல்லாத நோயை யாரும் எண்ணுவதில்லை. எண்ணாததால் பொம்மனஹள்ளியில் எத்தனை கைகள் இரவில் உதறப்படுகின்றன என்பதற்குக் கணக்கே இல்லாமல் போகிறது. இதே ரோட்டில் கொஞ்சம் தள்ளி இருக்கும் எலக்ட்ரானிக் சிட்டியில் கீபோர்டு தட்டுபவர்களுக்கு இந்த நோய் வருவதைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. ஆனால் கம்ப்யூட்டர் வேலைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு பலவீனமானது என்று 2003-ல் வெளியான டென்மார்க் ஆய்வு காட்டியது. பலம் கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் கைவேலைக்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. சர்க்கரையும் தைராய்டும் காரணமாக இருக்கலாமே என்று நிர்வாகங்கள் சொல்லலாம். இருக்கலாம், உடம்பில் அந்தப் பலவீனம் உள்ளவருடைய மணிக்கட்டைக் கூடுதலாகக் காப்பாற்ற வேண்டும் என்பதற்கே அது காரணமாகும். நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்வது, மழுங்கிய கத்தரியை மாற்றுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வேறு வேலைக்கு மாற்றிவிடுவது, ஆபரேஷன் ஆனவருக்கு ஆறு வாரம் லேசான வேலை கொடுப்பது ஆகியவற்றுக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. வருங்கால வைப்பு நிதி எடுப்பதற்குப் போட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து 2016 ஏப்ரல் 18-ம் தேதி இந்த ஓசூர் ரோட்டில் இறங்கிய கார்மெண்ட்ஸ் பெண்கள், மறுநாளே மத்திய அரசை அந்த உத்தரவைத் திரும்பப் பெற வைத்தார்கள். கைக்காகக் கேட்கவும் அவர்களுக்கு வலு உண்டு.

இந்த ஆபரேஷன் தேவைப்பட்டால் செய்துகொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு நிம்மதி தரும் சிகிச்சைதான் இது. துளை வழியா, திறந்த முறையா என்று கேட்பதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்க வேண்டியவை வேறு: இதை நீங்கள் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், உள்ளே சரியாகத் தெரியாவிட்டால் திறந்து செய்வீர்களா, நரம்பில் அடிபட்டால் யார் சரிசெய்வார்கள், என் வேலைக்கு நான் எத்தனை நாளில் திரும்ப முடியும். இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம், கீறல் கொஞ்சம் நீளம் என்றாலும், கையைக் கொடுக்கலாம். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் விரல் புதிதாக மரத்தாலோ, கட்டைவிரலை அசைக்க முடியாவிட்டாலோ, கை வீங்கிச் சிவந்து எரிந்தாலோ, தையல் பிரிக்கும் தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும். இன்று இரவு விளக்கடியில் இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கட்டைவிரலின் அடிமேடு மற்றதைவிடத் தட்டையாக இருந்தால், இந்த வாரமே லீவு போட்டு டாக்டரைப் பாருங்கள்.